போத்தல்களுக்கு உடுப்புத் தைத்தவள்

சிவலட்சுமியின் வீட்டில் ஒன்பது சாராயப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்பதும் உடுத்தியிருந்தன. ஒன்று கண்டி ராசா. ஒன்று ஒல்லாந்தக் கப்பித்தான். அவனுடைய நீலக் கோட்டில் கடுகளவு பொத்தான்கள் பதினான்கு. இன்னொன்று உடம்பெல்லாம் கொசுவமும் கழுத்தில் விசிறி போன்ற பட்டியுமாக ஒரு போர்த்துக்கீசச் சீமாட்டி. தலைகள் எல்லாம் இலவம் பஞ்சு உருண்டைகள். முகம் மட்டும் ஒன்றுக்கும் இல்லை. முகம் எழுத அவளுக்கு வராது.

போத்தல்களை வெறுமையாக்கித் தந்தது யாரென்று கேட்டால், புருஷன் வீரையா மார்பைத் தட்டிக்கொள்வான். "ராசாங்கத்துக்கு நம்ம பங்கு இல்லாமலா?" என்பான்.

எழுபத்தேழு ஆவணிக் கலவரத்தில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து லொறியேறி வந்தவர்கள் அவர்கள். ஏழு வயது மகள் விமலேஸ்வரி, மூன்று சேலை, ஒரு அலுமினியக் குண்டான். அவ்வளவுதான் கூட வந்தது. வன்னியில், தர்மபுரத்தில் ஒரு துண்டுக் காணி கிடைத்தது. வீரையா உழவு மெஷினில் மூட்டை ஏற்றப் போனான். சிவலட்சுமி மிளகாய்த் தோட்டத்தில் பழம் பிடுங்கினாள். கன்னியாஸ்திரிமார் நடத்திய தையல் வகுப்பில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கி, ஒரு கைமெஷினும் வாங்கிவிட்டாள். அதன்பிறகு அயலில் உள்ள பெண்களுக்குச் சட்டை, பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சீருடை என்று காலையெல்லாம் வேலை இருந்தது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் மட்டும் அவளுடையது. அந்த நேரத்தில் வெட்டுத்துண்டுகளை மடியில் கொட்டி, மகளின் சரித்திரப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு போத்தல்களுக்குத் தைப்பாள்.

"சோலியத்த வேலை" என்றார்கள் அயலார். அவளும் இல்லையென்று சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்குச் சட்டை தைத்தால் அக்குள் பிடிக்கிறது, கழுத்து இறங்கிவிட்டது என்று ஆயிரம் சொல்லுவாள். இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன கப்பித்தான் ஒன்றும் சொல்ல மாட்டான். ஆனாலும் அவனுக்குப் பிழையாகத் தைத்துவிடக் கூடாது என்று அவளுக்கு ஒரு பயம் இருந்தது. இல்லாதவனுக்காகப் பயப்படுவது அவளுக்கே விநோதமாக இருக்கும். வீரையாவுக்கும் அப்படி ஒன்று இருந்தது. ஒரு பழைய தகரப் பேணியில் தேயிலைக் கன்று வளர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வன்னி வெயிலில் இரண்டு கன்று கருகி, மூன்றாவது முயற்சி நடந்துகொண்டிருந்தது. அதனால் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்ள இரண்டு பேருக்கும் முகம் இல்லை.

எண்பதாம் ஆண்டு ஒரு புதன்கிழமை, கருவாட்டுக்காரர் மரியநேசன் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுத் தண்ணீர் கேட்டார். முல்லைத்தீவுக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்து மனிதர். ஐம்பது வயதிருக்கும். புதுக்குடியிருப்பில் தங்கி, பரந்தன் ரோட்டு வழியே வாரம் ஒருமுறை கருவாடு கொண்டு வருவார். செம்பை வாங்கிக் குடித்தவரின் கண் போத்தல் வரிசையில் விழுந்தது.

எல்லாரும் போல அவர் சிரிக்கவில்லை. குனிந்து கப்பித்தானின் கோட்டைப் பக்குவமாகக் கழற்றினார். உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார்.

"கைக்குழிக்குள்ள தனியாத் துணி வைச்சுத் தைச்சிருக்கிறியள், தங்கச்சி. இந்தச் சின்னனுக்கு அது ஏன்?"

"வைக்கலன்னா கை தூக்க முடியாதுங்களே, அண்ணே."

"போத்தலோ கை தூக்கும்?" என்றார். பிறகு அவரே, "ஓம், தூக்கத்தான் வேணும்" என்று சொல்லிக் கோட்டை மறுபடி மாட்டினார்.

உடுப்பின் உள்பக்கத்தைப் பார்க்கிறவன் தையல்காரன்தான் என்று சிவலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. அவர் அவர்களுடைய ஊர் வேதக்கோயிலில் தவக்காலத்தில் ஆடும் கூத்துக்கு உடுப்புத் தைக்கிறவர். மீன்பிடிகாரன் மகனாகப் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வள்ளத்தில் ஏறினால் வாந்தி. "கரையில நிண்டு பாத்தாலே எனக்குத் தலை சுத்தும், தங்கச்சி. அப்பர் வெட்கத்தில ஒரு வருஷம் என்னோட கதைக்கேல்ல. பிறகு ஊசியைத் தந்தார். அவரும் கூத்துக்குத் தைச்ச ஆள்தான்."

அதற்குப் பிறகு புதன்கிழமைகளில் கருவாட்டுக்காரர் அந்த வேலியடியில் அரைமணி நேரம் கூடுதலாக நின்றார். கைக்குழியைப் பற்றியும் கழுத்துப்பட்டியைப் பற்றியும் பேசினார்கள். ஏரோது ராசாவுக்குக் கரப்புடுப்பு எப்படிக் கட்டுவது என்று அவர் சொன்னார். கோழிக் கரப்புப் போல விரிந்து நிற்கிற பாவாடை அது. பிரம்பு வளையத்தை இடுப்பில் கட்டி, மேலே நாலு தட்டாகத் துணி விடவேண்டும். வளையம் ஒரு விரல் கூடிப்போனால் ராசா படலைக்குள்ளால் நுழைய முடியாது. ஒரு வருஷம் அப்படி நுழையமுடியாமல் நின்ற ராசாவைப் பற்றிச் சொல்லிச் சிரித்தார். சிகரெட் பெட்டி ஈயத்தாள், மினுங்குகிற சருகைத் துண்டு, அறுந்த மாலை மணி எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து தந்தார்.

"கருவாட்டுக்காரரோட என்னா அப்பிடி பேச்சு?" என்று வீரையா ஒருநாள் கேட்டான்.

"கழுத்துப்பட்டியப் பத்திங்க."

அவன் அவளைப் பார்த்தான். பொய் இல்லை என்று கண்டு, "நல்லா பேசு. எங்கிட்ட பேசினா எனக்கு என்னா வெளங்கப்போகுது?" என்று பேணிக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.

எண்பத்தொன்றில் ஒருநாள் மரியநேசன் போத்தல்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாருக்கும் தைச்சிட்டியள். உங்கட ஆக்கள் இஞ்ச வரேக்க என்ன உடுத்திக்கொண்டு வந்தவை?"

சிவலட்சுமி சரித்திரப் புத்தகத்தைப் புரட்டினாள். ஒல்லாந்தனுக்கு எத்தனை பொத்தான் என்று புத்தகம் சொன்னது. அவளுடைய மூதாதைகள் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னாரில் இறங்கி, காடு வழியே மலைக்கு நடந்த கதை அவள் காதில் விழுந்ததுதான். நடையில் பாதிப்பேர் விழுந்து போனார்கள் என்று தோட்டத்தில் சொல்லுவார்கள். விழுந்தவர்கள் மேலே என்ன துணி கிடந்தது என்று எந்தப் பக்கத்திலும் படம் இல்லை.

அவள் குடியிருப்பில் வயதில் மூத்தவளான வடிவம்மாவைப் போய்க் கேட்டாள். வடிவம்மா முதலில் திட்டினாள். "பஞ்சத்துக்கு வந்தவளுக்கு என்னாடி உடுப்பு?" பிறகு, தன் தாய் சொல்லக் கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒடுக்கமான தறியில் நெய்த முரட்டுத் துணி. இரண்டு பட்டையை நடுவில் மூட்டித் தைத்தால்தான் ஒரு சேலை அகலம் வரும். செங்காவி நிறம். பின்னால் கொசுவம் வைத்து, முந்தியை மாரோடு சுற்றித் தோளில் முடிவது. ரவிக்கை கிடையாது.

"ஒட்டு போட்டிருக்குமா, பெரியம்மா?"

"ஒட்டு இல்லாத சீலைய கட்டிக்கிட்டு எவ வந்தா?"

இதைப் போத்தலுக்குத் தைக்க சிவலட்சுமிக்கு மனம் வரவில்லை. ஆளளவில் தைக்கத் தீர்மானித்தாள். முரட்டுத் துணி இரண்டு பட்டை கிளிநொச்சியில் கிடைத்தது. நிறத்துக்கு மரியநேசன் கடற்கரை மணலில் சாயவேர் கிண்டிக் கொண்டுவந்தார். முன்னொரு காலத்தில் அந்த வேருக்காகக் கப்பல் வந்ததாம். துணியைப் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, வேரை இடித்துக் காய்ச்சித் தோய்த்தாள். முதல்முறை செத்த செங்கல்லின் நிறம் வந்தது. இரண்டாம் முறை திட்டுத் திட்டாக வந்தது. மூன்றாம் முறை, காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுத்தபோது, வடிவம்மா தன் பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகு ஒட்டுகள். முழுசாக இருந்த புதுத் துணியில் எந்த இடம் முதலில் கிழிந்திருக்கும் என்று யோசித்து யோசித்துத் தைத்தாள். மூட்டை சுமந்த தோளில் ஒன்று. முள் இழுத்த கரையில் மூன்று. பிள்ளையை இடுக்கிய இடுப்பில் ஒன்று. அந்த ஐந்து ஒட்டுக்கும் ஒரு மாரிகாலம் போனது.

எண்பத்துமூன்று வைகாசியில் பள்ளிக்கூடத்தில் சரித்திரக் கண்காட்சி வந்தது. ஜெகதீஸ்வரி ரீச்சர் வீட்டுக்கே வந்து போத்தல்களைக் கேட்டார். சேலையையும் கண்டுவிட்டு, "இதையும் கட்டாயம் கொண்டுவாங்கோ, அம்மா. கீழே என்ன எழுதவேணும் எண்டு சொல்லுங்கோ, நான் மட்டையில எழுதிவிடுறன்" என்றார். சிவலட்சுமிக்கு அன்று முழுவதும் கால் நிலத்தில் படவில்லை.

மறுநாள் விமலேஸ்வரி பள்ளியால் வந்து, புத்தகத்தைப் போட்டுவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். பதின்மூன்று வயது. தாயின் மலைநாட்டுப் பேச்சு அவளிடம் பாதி போய்விட்டிருந்தது.

"அம்மா, போத்தலைக் கொண்டாங்கோ. அந்தச் சீலையை மட்டும் கொண்டுவர வேணாம்."

"ஏன்டி?"

"எல்லாரும் பாப்பினம்."

"பாக்கத்தானே கண்காட்சி?"

விமலேஸ்வரி வாசல் நிலையை நகத்தால் சுரண்டினாள். "தோட்டக்காட்டாள் எண்டு கூப்பிடுறத இப்பத்தான் விட்டவளுகள், அம்மா. இதைப் பாத்தா திரும்பத் தொடங்குவாளுகள்."

சிவலட்சுமி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது, அங்கே தினமும் போய் இருக்கவேண்டியவள் அவள்தான் என்று நினைத்தாள். சேலையை நாலாக மடித்துத் தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

கண்காட்சிக்கு மரியநேசன் வெள்ளைச் சாரமும் சேர்ட்டுமாக, மனைவி மதலேனாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திறங்கினார். மதலேனா வெயிலையும் பஸ்ஸையும் பற்றி முறைப்பட்டுக்கொண்டு வந்தா. போத்தல்களைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். அவர் மேசையை ஒருமுறை சுற்றிவந்தார்.

"எங்கை தங்கச்சி, சீலை?"

"சாயம் இன்னும் காயலண்ணே."

சாயம் காய்ந்து, ஒட்டுகளும் முடிந்து நாலு மாதமாயிற்று என்று அவருக்குத் தெரியும். தூரத்தில் தோழிகளோடு நின்ற விமலேஸ்வரியைப் பார்த்தார். தாயின் பக்கம் திரும்பாமல் நின்ற அந்த முதுகு அவருக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கவேண்டும்.

"எங்கட கூத்திலயும் ராசா வேசத்துக்கு அடிபாடு, தங்கச்சி" என்றார் மெல்ல. "சிலுவைக்குத் தோள் குடுக்கிற சீமோனுக்குத்தான் ஆள் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் காலில விழவேணும்."

இரண்டு மாதம் கழித்து ஆடிக் கலவரம் வந்தது. ஆவணியில் லொறிகள் வரத் தொடங்கின. மலையிலிருந்து, கொழும்பிலிருந்து, இடையில் எங்கெங்கோ இருந்து. கண்காட்சி நடந்த அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இருக்கிற வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டு ஆட்களை இருத்தினார்கள். குடியிருப்பில் உள்ளவர்கள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோனார்கள். பெட்டியின் அடியில் கிடந்த ஒன்றைத் தவிர மற்றச் சேலைகள் எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே போய்விட்டன. சிவலட்சுமி தைத்து வைத்திருந்த பிறத்தியாரின் சட்டைகளைக்கூட, அவர்களைக் கேட்டே, கொடுத்தாயிற்று.

மூன்றாம் நாள் வந்த லொறியில் சிவனேஸ்வரி என்றொரு பெண் இருந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை. உடம்பில் யாரோ ஒரு ஆணின் சேர்ட்டும் கிழிந்த சாரமும். லொறியை விட்டு இறங்க மாட்டேன் என்று மூலையில் ஒடுங்கியிருந்தாள். சிவலட்சுமி கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது, விமலேஸ்வரி ஓடுவதைக் கண்டாள். திரும்பி வந்தவளின் கையில் செங்காவிச் சேலை.

யாரும் சொல்லவில்லை. மகள் அதைத் தாயிடம் நீட்டவுமில்லை. நேரே லொறியில் ஏறி, அந்தப் பெண்ணின் முன்னால் விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினாள்.

சிவனேஸ்வரி இறங்கி வந்தாள். தோட்டத்து லயத்தில் கட்டிப் பழகிய கையோடு பின்னால் கொசுவம் வைத்திருந்தாள். கெட்டியாக நிற்கட்டும் என்று முந்தியைச் சுற்றித் தோளில் முடிந்திருந்தாள். பிள்ளையை இடுக்கியபோது இடுப்பு ஒட்டு சரியாகப் பிள்ளையின் காலடியில் வந்தது.

"ஒட்டு போட்டதுன்னாலும் நல்ல கெட்டித் துணிங்க, அக்கா" என்றாள்.

சிவலட்சுமி கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டாள். எதைப் பார்க்கவேண்டுமென்று ஒன்றரை வருஷம் பாடுபட்டாளோ அது அவள் கண்முன்னே நடந்து போனது. அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. இரண்டு கிழமையில் சிவனேஸ்வரியின் ஆட்கள் ஓமந்தைப் பக்கம் காணி கிடைக்கிறதென்று போனார்கள். சேலையும் போனது.

அடுத்த புதனில் மரியநேசனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தராசைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பின்பக்கக் கொசுவம் சரியா வந்ததோ?"

"சரியா வந்துச்சுண்ணே."

அவர் கருவாட்டை நிறுத்துக் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஏறாமலே உருட்டிக்கொண்டு போனார்.

எண்பத்துநாலு மார்கழியில் அவர் வரவில்லை. ஒரு புதன், இரண்டு புதன். கடற்கரை ஊர்கள் எழும்பிவிட்டன, சனமெல்லாம் உள்ளுக்கு வந்துவிட்டது என்று ரோட்டில் கதை அடிபட்டது. தைப்பொங்கல் கழிந்ததும் வீரையாவே சொன்னான், "வா, போய் பாத்துட்டு வந்துருவோம்."

முள்ளியவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அந்த ஊர்ச் சனம் இருந்தது. மதலேனா ஒரு வாங்கின் கரையில் குந்தியிருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. சிவலட்சுமியைக் கண்டதும் யாரென்று பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது.

"போத்தல் தையல்காரியோ? இரும், பிள்ளை."

ஒரு காலையில் ஆமிக்காரர் வந்து எல்லாரையும் ஊரைவிட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளையும் பானை சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இங்கே வந்த மூன்றாம் நாள் மரியநேசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோயில் அறையில் கூத்துப் பெட்டி கிடந்தது. தகப்பன் தைத்தது, அவர் தைத்தது எல்லாம் அதற்குள்தான். "ஒரு எட்டில போய் எடுத்துக்கொண்டு வந்திடுறன் எண்டார். தவக்காலம் வருது எண்டார். நான் காலைப் பிடிச்சன். கரையோரமாப் போனவர்." மதலேனா அரிசியைக் கிண்டினா. "நாப்பத்தொரு நாள். ஒரு தகவலும் இல்லை."

கடலைக் கண்டாலே தலை சுற்றுகிற மனிதர் கரையோரமாகப் போனார் என்பதே சிவலட்சுமியின் மனதில் நின்றது.

"சனம் சொல்லுது, சருகைச் சட்டைக்காகப் போனவன் எண்டு" என்றா மதலேனா. "எனக்கும் கோவம்தான், பிள்ளை. முப்பது வருஷத்தில நான் அந்தப் பெட்டியைத் திறந்து பாத்ததில்லை. என்ன கிடந்தது எண்டுகூட எனக்குத் தெரியாது. உம்மோடதான் அவர் அதைப் பற்றிக் கதைக்கிறவர். வீட்டை வந்தா உம்மட கைக்குழியைப் பற்றி எனக்கு ஒரே பிரசங்கம்." ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தா. "சொல்லுமன். என்னத்துக்காகப் போனார் எண்டாவது நான் அறிய வேண்டாமோ?"

சிவலட்சுமி அந்தப் பெட்டியை ஒருநாளும் கண்டவளில்லை. ஆனால் நாலு வருஷத்துப் புதன்கிழமைகள் அவளிடம் இருந்தன. சொல்லத் தொடங்கினாள். ஏரோது ராசாவின் கரப்புடுப்பு, நாலு தட்டு, கீழ்த்தட்டில் சங்குப்பூக் கரை. சேவகர் ஆறு பேருக்கும் ஈயத்தாள் ஒட்டிய மார்க்கவசம்; அதில் ஒன்றுக்கு வார் அறுந்து மீன்வலை நூலில் கட்டியது. வானத்துச் சம்மனசின் செட்டை, பழைய வலைத்துணியில் கஞ்சி போட்டு விறைப்பாக்கியது. யூதாசின் மஞ்சள் அங்கி, அதில் வேண்டுமென்றே பிழையாக வைத்த பை. சீமோனின் சாக்குச் சட்டை. மூன்று ராசாக்களின் சால்வை, மூன்றாவதில் எலி கடித்த இடத்தில் நட்சத்திரம் தைத்தது.

வாங்கில் இருந்த மற்றப் பெண்களும் கல் பொறுக்குவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். வீரையா வாசலில் நின்று பஸ் வரும் திசையைப் பார்த்தான். கூப்பிடவில்லை.

"பிலாத்துக்கு?" என்று மதலேனா கேட்டா. "பிலாத்துவின்ர அங்கி என்ன நிறம்?"

சிவலட்சுமி யோசித்தாள். ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லிவிடலாம். அங்கே யார் மறுக்கப்போகிறார்கள்?

"தெரியாதுக்கா. அத அண்ணே எங்கிட்ட சொல்லல."

மதலேனா சுளகைக் கீழே வைத்தா.

"அது எனக்குத் தெரியும்" என்றா. "ஊதா. என்ர கலியாணச் சீலையை வெட்டித் தைச்சவர். நான் ஒரு கிழமை அவரோட கதைக்கேல்ல."

அப்போதுதான் அவ அழுதா. அந்த நாற்பத்தொரு நாளில் அதுதான் முதல் அழுகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். சிவலட்சுமி அவவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அவர்கள் மறுநாள்தான் தர்மபுரம் திரும்பினார்கள்.